முட்டம் கடலில் ஒரு பெட்டி

நாகர்கோவில்

அன்புள்ள ஆல்பர்ட்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே நானும், விடுமுறைக்கு வந்த பேத்தியும் ஜியோகேச்சிங் என்னும் புதிய பித்தில் திரிகிறோம். ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை, அவர் தரும் அட்சக்கோடு, தீர்க்கக்கோட்டு எண்களை மட்டும் வைத்து மற்றவர் தேடிப்பிடித்து, உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000 மே மாதம் 2-ஆம் தேதி நீக்கியது. மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டோரம் ஒரு வாளியை ஒளித்துவைத்துத் தொடங்கிய விளையாட்டு இது.

மருந்துவாழ்மலை அடிவாரத்தில், தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பில், அவரிடம் கேட்டுக்கொண்டு, தம்பி மகன் ஓர் ஊறுகாய் டப்பாவை வைத்துவிட்டு எண்களைச் சீட்டில் எழுதித் தந்தான். வடக்கு 8 டிகிரி 7.5 நிமிடம் என்றிருந்ததை நான் 8.075 என்று தட்டினேன்; தீர்க்கக்கோட்டிலும் அதே தவறு. கைப்பேசி எங்களை முட்டத்துக்குத் தெற்கே நடுக்கடலுக்கு அனுப்பியது. “தாத்தா, இதுக்கு வள்ளம்லா வேணும்” என்றாள் பேத்தி. நிமிடத்தை 60-ஆல் வகுத்தால்தான் தசமம் வரும், ஆகவே அது 8.125 என்பது அதன் பிறகே உறைத்தது. ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்பதால், அந்த 0.05 வேறுபாடே வடக்கு-தெற்காக ஐந்தரைக் கிலோமீட்டர். நாற்பது வருடம் கணக்கெழுதிய கை என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

தோப்பை அடைந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. ஓலைகளுக்கு அடியில் அம்புக்குறி நிலைகொள்ளாமல் சுற்றியது. கடைசிப் பத்து மீட்டரில் கருவியை நம்பிப் பயனில்லை, கண்ணைத்தான் நம்ப வேண்டும். திரும்பும்போது, அந்த மலைக்கு ஏறும் வழியைப் பேத்தியே 1:50,000 அளவு வரைபடத்தில் தேடினாள். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்பதைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் பக்கம் செங்குத்து என்பதை அவளே எதிரில் நின்ற பாறையோடு ஒப்பிட்டுக் கண்டுகொண்டாள். இப்போது வரும் வழிகாட்டிச் செயலிகள் “இடப்பக்கம் திரும்பு” என்று கைபிடித்தே கூட்டிப்போகின்றன. எங்கிருந்து எங்கே வந்தோம் என்பது நமக்குத் தெரிவதேயில்லை.

பொங்கலுக்கு வரும்போது, என்.சி.சி. முகாமில் நாம் பயன்படுத்தியதைப் போன்ற திசைகாட்டி ஒன்று உன்னிடம் இருந்ததே, அதை எடுத்து வா. திருவட்டாறு பக்கம் மைத்துனரின் ரப்பர் தோட்டத்தில் உனக்காக ஒரு டப்பா காத்திருக்கும். எண்களைத் தருவேன், நிமிடமா, தசமமா என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உன் ராஜமணி