இஸ்திரிப் பெட்டிக்கு மன்னிப்பு

நங்கநல்லூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். பாப்பா பத்தாவதாமே, ரவி சொன்னான். பொங்கலுக்கு நீ அனுப்பியதற்கு நான் பதில் போடவில்லை, தப்புதான். காரணம் உண்டு, பின்னால் வரும். அதற்கு முன்னால் ஒரு செய்தி.

ஜென்டூ போட்டுவிட்டேன். ஆமாம், எல்லா மென்பொருளையும் ரெடிமேடாக வாங்காமல், சோர்ஸ் எனும் மூல நிரலிலிருந்து நம் மெஷினிலேயே கம்பைல் பண்ணிக் கட்டிக்கொள்ளும் உன் லினக்ஸேதான்.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. 2003-ல் ரிச்சி தெருவில் சிடி வாங்கி வந்து, 256 எம்பி ராமில் மூன்று நாள் நீ கேடிஈ என்ற டெஸ்க்டாப்பைக் கம்பைல் பண்ணியபோது உன்னை அதிகம் கிண்டல் பண்ணியவன் நான்தான். பென்குயின்களிலேயே வேகமாக நீந்துவது ஜென்டூவாம், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நத்தையாக நகர்கிறதே என்று மெஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். மூன்றாம் நாள் காலை அந்த இஸ்திரிப் பெட்டி விவகாரம் வேறு. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போதாவது மன்னித்துவிடு. அந்த இன்டர்வியூவிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்.

நடந்தது இதுதான். என் லேப்டாப் 2014-ல் வாங்கியது, நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுபோனது. 11 போடலாமென்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள இன்டெல் பிராசஸருக்குக் கதவு சாத்தியாயிற்று. நன்றாக ஓடுகிற மெஷினைக் காயலான் கடையில் போட மனசு வரவில்லை. ரெடிமேட் லினக்ஸான டெபியன் போட்டிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். லினக்ஸை முழுக்கக் கையாலேயே கட்டச் சொல்லித்தரும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் கையேட்டைத் திறந்து ரெண்டு அத்தியாயம் படித்தேன். அதில் மென்பொருளைப் போட, எடுக்க உதவும் பேக்கேஜ் மேனேஜரே கிடையாது, அப்டேட்டையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு வைராக்கியம் எனக்கு ஏது? கடைசியில் உன் ஜென்டூவிடமே வந்து நின்றேன். மாவு அரைக்கிற உவமையை மட்டும் ஆரம்பிக்காதே, அதை அன்றைக்கே நூறு தடவை கேட்டாயிற்று.

வேகம் கூடியதா என்றும் கேட்காதே. என் பிராசஸருக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருக்குமென்று 'மார்ச் நேட்டிவ்' எல்லாம் போட்டேன். நொடிக்கணக்கில் மிச்சம் பிடிக்க நாள்கணக்கில் செலவாகிறது. அதுவும் அக்னி நட்சத்திரத்தில்! லேப்டாப்பைக் கவிழ்த்த எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே நேரத்தில் நாலு கம்பைல் ஜாப் ஓடட்டும் என்று ஜே4 போட்டுப் பார்த்தேன். ஒரு ஜாபுக்கு 2 ஜிபி கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஆனால் பிரவுசரும் திறந்திருந்தது. நடுராத்திரியில் மெமரி தீர்ந்து, லினக்ஸின் மையமான கர்னலே கம்பைலரைக் கொன்றுவிட்டது. இப்போது ஜே2.

எனக்குப் பிடித்துப்போனது யூஸ் ஃபிளாக். ஒவ்வொரு வசதியையும் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறதே, அது. புளூடூத் வேண்டாம். பிரிண்டர் வேண்டாம், அதை ஓட்டும் கப்ஸுக்கும் மைனஸ். எவ்வளவு சந்தோஷமாக மைனஸ் போட்டேன் தெரியுமா? மறுவாரமே அம்மாவின் பென்ஷன் படிவத்தை அச்செடுக்க வேண்டி வந்தது. கப்ஸைத் திரும்பச் சேர்த்தால், அதைத் தொட்டுக்கொண்டிருந்த பேக்கேஜ் எல்லாம் மறுபடி கம்பைல். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் போய் எடுத்து வந்தேன். நான் திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

உனக்குத் தெரியாமல் இருக்காது, 2023 டிசம்பரில் ஜென்டூக்காரர்களே ஏற்கெனவே கம்பைல் பண்ணிய ரெடிமேட் பைனரி பேக்கேஜ்களைப் பெரிய அளவில் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்எல்விஎம் என்ற பெரிய கம்பைலர் மூட்டையை அதிலிருந்துதான் எடுத்தேன். ரஸ்ட் மொழியின் கம்பைலர், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் 'பின்', அதாவது ரெடிமேட். உன் மதத்தில் இது பாவமா?

இதில் ஒன்று ரொம்ப நாளாக மண்டையைக் குடைகிறது. சோர்ஸிலிருந்து கட்டினால் உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியும் என்பாயே, ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்இஸட் லைப்ரரியில் பின்வாசல் வைத்த விவகாரத்துக்குப் பிறகும் அதைச் சொல்வாயா? 2024 மார்ச் 29. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர், தூரத்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டியதால்தான் அந்தப் பின்வாசல் வெளியே வந்தது. அந்த விஷம் எல்லோரும் படிக்கிற சி கோடில் இல்லை. பாதி, டெஸ்ட் ஃபைல் என்ற பெயரில் கிடந்த பைனரிகளில். அதைக் கிளப்பிவிடும் வரி, எல்லோரும் பார்க்கிற கிட் கோடு களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுக்காகக் கட்டிய டார்பால் மூட்டையில் மட்டும் இருந்த பில்ட் ஸ்கிரிப்டில். அந்த டார்பாலைத்தானே நாமும் இறக்கி, ஃபைல் மாறவில்லையே என்று காட்டும் ஹாஷ் எண்ணைச் சரிபார்த்து, பக்தியோடு கம்பைல் பண்ணுவோம்? ஹாஷ் சரியாகவே இருந்திருக்கும்! டெபியன், ரெட் ஹாட் வகையறாக்களின் டெப், ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்துத்தான் அது வேலையை ஆரம்பித்ததாம். ஜென்டூ தப்பித்ததற்குக் காரணம் நம் புத்திசாலித்தனம் இல்லை சேகர். நம்மை ஒரு பொருட்டாகவே அந்த விஷத்தை வைத்தவன் மதிக்கவில்லை.

அதைவிட, அந்த லைப்ரரியை வருஷக்கணக்காக ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மனசு சரியில்லை, முன்போல முடியவில்லை என்று 2022-லேயே மெயிலில் எழுதியிருக்கிறார். ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு என்று யார் யாரோ நெருக்கினார்கள். அதற்குச் சில மாதம் முன்பே ஜியா டான் என்ற பெயரில் ஒருவன் உதவிக்கு வந்திருந்தான், ரெண்டு வருஷத்துக்கு மேல் பொறுமையாக ஒழுங்காக வேலை செய்தான். பின்னால் விஷத்தை வைத்தது அந்தப் பெயர்தான். களைத்துப்போனவனுக்குக் கை கொடுக்க ஆள் வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? நானாக இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் ஆபீஸில் என்னை அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்குப் பதினைந்து நிமிஷ மீட்டிங். கோமதிக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பா போன வருஷம்தான் போனார், இதையும் எப்படிச் சொல்வது? காலை ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்துவிடுவேன். வேலைக்கு மனு போடுவது ஒரு மணி நேரம். மீதி நேரத்துக்கு எமர்ஜ், ஜென்டூவில் கம்பைலைத் தொடங்கும் கட்டளை. கறுப்புத் திரையில் வரிகள் சரசரவென்று ஓடுகிறதே, பார்க்கிறவர்களுக்கு அது பெரிய வேலை மாதிரிதான் இருக்கும். ஜிசிசி என்ற கம்பைலர் தன்னையே மூன்று தடவை கட்டிக்கொண்டு, கடைசி ரெண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடும். அது ஓடிய அன்றைக்கு அம்மா காபி டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். ராத்திரி, "உங்க ஆபீஸ்ல இவ்ளோ வேலையா வாங்குறாங்க?" என்று கேட்டாள். எதிர்வீட்டு அக்காவிடம் எனக்கு நிமிர நேரமில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். உனக்கு எழுதுவதற்கே ஒரு கம்பைல் செய்தி தேவைப்பட்டது.

பரிதாபப்பட்டுப் போன் பண்ணாதே. உன் கம்பெனியில் ஆள் எடுத்தால் மட்டும் சொல். உன் ஜென்டூ அமைப்புகளை எழுதி வைத்த அந்தக் காலத்து மேக் டாட் கான்ஃப் ஃபைல் எங்காவது கிடந்தால் அனுப்பு, சிரிப்பதற்கு. ஜூனில் ரவி வீட்டுக் கல்யாணத்துக்கு வரும்போது இங்கே தங்கு. அதற்குள் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் வாசலில் என்னைக் கேட்டுக்கொண்டு உள்ளே வா.

உன்
பாலு

பி.கு: லேப்டாப் மாட்டியிருப்பது கோமதி இஸ்திரி போடுகிற பிளக்கில். மேலே காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன்.