பெரட்டலுக்கு நிமிடக் கணக்குக் கேட்ட மகளுக்கு

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் ஜாஸ் குழுவில் உன்னோடு வாசிக்கும் நான்கு பேரும் அடுத்த மாதம் ஹாலந்தில், ரோட்டர்டாமில் உன் அறைக்குச் சாப்பிட வருகிறார்கள் என்றும், அவர்களுக்கு நம் வீட்டு ஆட்டுக்கறிப் பெரட்டலைச் சமைத்துப் போட வேண்டுமென்றும், அதற்கு எத்தனை கரண்டி, எத்தனை நிமிடம் என்று எண்களாக எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். தன்னைக் கேட்காமல் என்னைக் கேட்டுவிட்டாய் என்று அம்மா அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டல் இந்த வீட்டில் முப்பது ஆண்டுகளாக என் பொறுப்பு என்பதை அவளும் மறுக்கவில்லை. கரண்டிக் கணக்கைத் தருகிறேன். நிமிடக் கணக்கைத் தர முடியவில்லை. இன்று காலை கடிகாரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, தாளும் பேனாவுமாக நின்று பார்த்தேன். சட்டியைக் கவனித்தால் கடிகாரத்தை மறந்துவிடுகிறேன், கடிகாரத்தைக் கவனித்தால் வெங்காயம் கருகிவிடுகிறது.

ஆட்டுக்கறி ஒரு கிலோ, கட்டாயம் எலும்போடு வாங்கிக்கொள். அங்கே கிடைப்பது இளங்குட்டி இறைச்சியாக இருக்கும். நம் பசாரில் வாங்கும் ஆட்டைப் போல நெடுநேரம் வேக வைத்தால் குழைந்துவிடும். மஞ்சளும் தட்டிய இஞ்சியும் உப்பும் போட்டு முக்கால் பதத்துக்கு வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் வைத்துக்கொள். பெரிய வெங்காயம் ஐந்து, நீளவாக்கில் அரிந்தது. பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு ஐந்து, ஏலக்காய் நான்கு, அன்னாசிப்பூ இரண்டு. இஞ்சி பூண்டு விழுது இரண்டு கரண்டி. நான் அனுப்பும் மசாலைத் தூள் நான்கு கரண்டி. கடைசியில் கெட்டிக் கிச்சாப் (கருப்பு சோயா சாறு) ஒரு கரண்டி. கிச்சாப்பைப் பார்த்து உன் அத்தை இன்றும் முகம் சுளிப்பாள், தமிழ்ச் சமையலில் சீனன் கடைச் சரக்கு எதற்கு என்பாள். நம் பாட்டி தோட்டத்து லயத்தில், அந்தக் கூலி வரிசை வீட்டில், சமைத்த காலத்திலேயே அது சட்டிக்குள் வந்துவிட்டது என்பது என் பதில். கறிவேப்பிலைக்கு நீ அலைய வேண்டியதில்லை. 1873 முதல் வட இந்தியாவிலிருந்து சூரினாம் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஹாலந்தில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுடைய கடைகளில் கேட்டுப்பார். நம்மைக் கித்தா என்ற ரப்பர் காட்டுக்குக் கொண்டுவந்ததைப் போலத்தான் அவர்களையும் கொண்டுபோனார்கள்; கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை நின்று பேசிவிட்டு வா.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். எண்ணெயில் பட்டையும் அன்னாசிப்பூவும் பொரிந்தபின் வெங்காயத்தைக் கொட்டினால், முதலில் சட்டி பெரிதாகச் சத்தம் போடும். அது வெங்காயத்திலுள்ள தண்ணீரின் சத்தம். தண்ணீர் வற்ற வற்ற அந்த இரைச்சல் மெலிந்து, உயர்ந்து, கடைசியில் கூரை ஓட்டில் தூறல் விழுவது போல ஆகும். அப்போது விழுது. விழுது போட்டதும் மறுபடி இரைச்சல், மறுபடி மெலிவு. அப்போது தூள், உடனே ஒரு கை தண்ணீர், இல்லையென்றால் தீய்ந்துவிடும். பிறகு கறியும் அது வெந்த தண்ணீரும். இங்கிருந்துதான் பொறுமை வேண்டும்: முதலில் தளதளவென்று கொதிக்கும், பிறகு பொளக் பொளக்கென்று சேறு கொதிப்பது போலக் கனத்துக் கொதிக்கும், அதன்பின் எண்ணெய் பிரிந்து சிர்ரென்ற ஒரு மெல்லிய ஓசை அடியிலிருந்து கிளம்பும். கிச்சாப்பும் மிளகும் கறிவேப்பிலையும் அந்த ஓசைக்குப் பிறகுதான். உன் அடுப்பின் சூடும் உன் சட்டியின் கனமும் எனக்குத் தெரியாத நிலையில் நான் நாற்பது நிமிடம் என்று எழுதினால் அது பொய்யாகும்.

இது சமையலில் மட்டும் நான் கண்டதன்று. எனக்குக் கிளாரினெட்டும் பிறகு டெனர் சாக்ஸபோனும் கற்றுக்கொடுத்த ஈப்போ வாத்தியாரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க பேண்டுகளில் வாசிக்க மணிலாவிலிருந்து வரவழைக்கப்பட்ட பிலிப்பினோ குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். நானோ தோட்டத்தில் எடை போடும் கிராணியின், அதாவது எழுத்தரின், மகன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறிச் செம்மோர் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போய் அவர் வீட்டு வாசலில் நிற்பேன். ஜாஸ் தாளத்தின் ஊசலான ஸ்விங் என்றால் என்னவென்று நான் கேட்டபோது அவர் பலகையில் எதையும் எழுதவில்லை. கொய்த்தியாவ் என்ற அரிசி நூடுல்ஸ் கடைக்கு அழைத்துப்போய், சாப்பிட்டு முடித்த கிண்ணத்தின் விளிம்பில் சாப்ஸ்டிக்கால் தட்டிக் காட்டினார்: டிங், டிங்-க டிங், டிங்-க டிங். அந்த "க" விழும் இடம் சரிபாதியும் அன்று, மூன்றில் இரண்டு பங்கும் அன்று. பாட்டு மெதுவாகப் போனால் அது பின்னால் தள்ளி நிற்கும், வேகம் கூடக் கூட நேராகிக்கொண்டே வரும். எங்கே வைப்பது என்று கேட்டேன். இன்னொரு தட்டுச் சாப்பாட்டைத் தருவித்துவிட்டு, சாப்பிடு, கேள் என்றார். மூன்று சனிக்கிழமைகள் நான் சாப்பிட்டது மட்டுமே பாடம். நான்காம் வாரம் கைக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்பே என் காது பழகியிருந்தது என்றும் சொல்ல வேண்டும். உன் தாத்தா வைத்திருந்த வால்வு ரேடியோவில் இரவில் சிற்றலையைத் திருப்பினால், 1955இல் தொடங்கிய அமெரிக்கக் குரல் வானொலியின் ஜாஸ் நிகழ்ச்சி வரும். வில்லிஸ் கோனோவர் என்ற அந்த அறிவிப்பாளர், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த எங்களைப் போன்றவர்களுக்காகவே ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். மழை பிடித்தால் பாட்டு அலையலையாக அமுங்கி எழும். காளியம்மன் கோயில் திருவிழா நாதஸ்வரமும் விஸ்வநாதன் இசையமைத்த கிளப் பாட்டுகளும் ஏற்கெனவே காதில் இருந்ததால், அந்த ரேடியோ இசை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ப்ளூஸில் அவர்கள் அதிகம் புழங்கும் ஐந்து சுரங்களும் நம் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்களும் ஒன்றே என்பதை வாத்தியாரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை, வாசித்துக் காட்டினேன். காந்தாரத்தை நாம் அசைக்கும் இடத்தில்தான் அவர்களும் அந்தச் சுரத்தை வளைக்கிறார்கள். ஜாஸ் பள்ளிக்கூடத்தில் நீ மட்டும் வேறு ஊர்க்காரி போல உணர்கிறாய் என்று அம்மாவிடம் சொன்னாயாம். எனக்கு அது விளங்கவில்லை, மகளே.

எண்பதுகளில் ஈப்போவில் ஒரு ஓட்டலில் வெள்ளி, சனி இரவுகளில் வாசித்தோம். விருந்தினர் உட்காரும் மேசையில் நாங்கள் உட்காரக் கூடாது. பின்வாசல் வழியாக வந்து, பின்வாசல் வழியாகப் போக வேண்டும். அப்போது மனம் கசந்தது. ஆனால் பின்வாசலுக்குப் பக்கத்தில் சமையற்கட்டு இருந்தது. அங்கே ஓர் ஹைனானியச் சமையற்காரர், விருந்தினருக்கு அனுப்புவதைவிட நல்ல துண்டாகப் பார்த்துக் கோழியைப் பொரித்து, வெங்காயமும் பட்டாணியும் சேர்த்த குழம்பை ஊற்றி, நாங்கள் நின்றுகொண்டே சாப்பிடும்படி கொடுப்பார். பதிலுக்கு அவருக்கு மலாய்ப் பாடகர் ராம்லீயின் பாட்டு ஒன்றை அந்தப் புகைக்குள்ளேயே வாசிப்பேன். நள்ளிரவுக்குப் பின் ஐந்து பேரும் தவுகே (முளைப்பயறு) கோழிக் கடைக்குப் போவோம். ஈப்போத் தவுகேயின் கொழுப்பும் குறுக்கமும் வேறெங்கும் கிடையாது. அன்றிரவு யார் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்ற பேச்செல்லாம் அந்த மேசையில்தான் நடக்கும். வாய் நிறையச் சோறு இருக்கும்போது யாரும் யாரையும் கடுமையாகத் திட்ட முடியாது.

பின்னாளில் படித்தபோது, அமெரிக்காவில் கறுப்பின இசைக்காரர்கள் பட்டதற்கு முன்னால் என் பின்வாசல் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. தாங்கள் வாசிக்கும் ஓட்டலிலேயே உட்கார்ந்து உண்ண முடியாமல், எந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டுப் பயணம் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்களைத் தொகுத்து 1936 முதல் ஒரு வழிகாட்டியே அச்சாகி வந்தது. அவர்களுடைய பேச்சிலும் கடிதத்திலும் பாட்டின் பெயரிலும் சாப்பாடு இத்தனை முறை வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கருக்கு "பேர்ட்" (பறவை) என்ற பட்டப்பெயர் வந்த கதையைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். ஜே மெக்‌ஷான் என்ற அவருடைய குழுத் தலைவர் சொன்னது, போகும் வழியில் கார் ஒரு கோழியை அடித்துவிட, பார்க்கர் வண்டியைத் திருப்பச் சொல்லி அதை எடுத்துப்போய்ச் சமைக்கக் கொடுத்தார் என்பது. நம் தோட்டத்து ஆட்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கோ நியூ ஆர்லியன்ஸ் சிவப்பு பீன்ஸும் சோறும் உயிர். அங்கே திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். பெண்கள் துவைத்து முடிக்கும்வரை பீன்ஸ் பானை தானாகவே அடுப்பில் வெந்துகொண்டிருக்கும். உலகப் புகழ் வந்தபிறகும் அவர் தம் கடிதங்களை "சிவப்பு பீன்ஸும் சோறுமாக, உங்கள்" என்று சொல்லி முடித்துக் கையெழுத்திடுவார்.

நீ உன் டபுள் பாஸில் பழகிக்கொண்டிருக்கும் ஹெர்பி ஹான்காக்கின் தர்பூசணிப் பாட்டும் அப்படிப்பட்டதே. சிக்காகோவில் சிறுவனாக இருந்தபோது, கல் பாவிய சந்தில் தர்பூசணி வண்டிச் சக்கரங்கள் உருண்ட தாளத்தை நினைவில் வைத்து 1962இல் அதை எழுதினார். நமக்கு ரொட்டி பாய். மாலை நான்கு மணிக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் ஹார்ன் கேட்டதும் நீ கீபோர்டுக்கு ஓடி அது எந்தச் சுரம் என்று தேடுவாய். கண்டுபிடித்த பிறகே காயா பன் வாங்கக் காசு கேட்பாய். அப்போது உனக்கு ஆறு வயது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஊது கருவிக்காரர் உன் குழுவில் இருவர் இருக்கிறார்கள். வாசித்து முடிப்பதற்குமுன் அவர்களுக்குச் சோறு போடாதே. ஒரு கலியாண வீட்டில் பந்தியின் முதல் வரிசையில் உட்கார்ந்து, பாயசத்தையும் அப்பளத்தையும் இலையிலேயே பிசைந்து ஒரு பிடி பிடித்துவிட்டு மேடையேறினேன். மூச்சு வயிற்றுக்குள் இறங்க இடமில்லை. போதாக்குறைக்கு, குடித்த தேத்தண்ணீரின் சீனி எச்சிலோடு இறங்கி ஜி ஷார்ப் சாவியை ஒட்டிக்கொள்ளச் செய்துவிட்டது. மணமக்கள் உள்ளே நுழையும் நேரத்தில் என் சாக்ஸபோன் வாத்து மாதிரிக் கத்தியதை உன் மாமா இன்றும் நடித்துக் காட்டுகிறார். நீ எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம்; கொடுத்து வைத்தவள். வாழையிலையில் எல்லாரும் கறியையும் ஊறுகாயையும் புகழ்வார்கள், சோற்றை யாரும் புகழ்வதில்லை. உன் பாஸும் அதுபோல என்று வருத்தப்பட்டாயல்லவா? சோறு இல்லாத இலையில் யார் உட்காருவார்கள் என்று கேட்டுவிட்டு மேலே போகிறேன்.

மற்றொன்று, சட்டி அடுப்பில் இருக்கும்போது ரெக்கார்டு போடாதே. நம் வீட்டுப் பெரிய சட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு வட்டம் இருக்கிறதே, அது எப்படி வந்ததென்று நீ கேட்டதில்லை. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் வாசித்த எட்டே பார்கள் (தாள வட்டங்கள்) எனக்குப் பிடிபடவில்லை. ஊசியை எடுத்து எடுத்து மறுபடி மறுபடி வைத்துக்கொண்டிருந்தேன். கறி தீயும் வாடை பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் வந்து கதவைத் தட்டும்வரை எனக்கு மூக்கே இல்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எத்தனையோ விதமாகத் தேய்த்தும் வட்டம் போகவில்லை. அந்த எட்டு பார்கள் மட்டும் கைக்கு வந்துவிட்டன. அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

மசாலையைப் புதிதாகக் காயவைத்து, டவுன் மாவு மில்லில் அரைத்து, மூன்று பைகளாகக் கட்டி நாளை அஞ்சலில் சேர்க்கிறேன். ஈப்போப் புந்தோங்கில் வாங்கிய கச்சாங் பூத்தே என்ற கடலை நொறுக்குத்தீனி இரண்டு பொட்டலமும் உள்ளே இருக்கிறது, அது உன் டிரம்மருக்கு. குளிர்காலத்தில் அறையில் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டு பாஸின் மரம் வெடிக்கும் என்கிறார்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள். இங்கே எனக்கு நேர்மாறான கவலை, மழைக் காலத்தில் சாக்ஸபோன் ரீடில் பூஞ்சை பூத்துவிடுகிறது.

சமைக்கும் நாளன்று என்னைக் கூப்பிடு. இங்கே நள்ளிரவாக இருந்தாலும் பரவாயில்லை. முகத்தைக் காட்ட வேண்டாம், போனைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார். வெங்காயம் மெலியும்போதும், கறி அடங்கி எண்ணெய் பிரியும்போதும் நான் இங்கிருந்து சொல்கிறேன்.

ஆட்டுக்கறிப் பெரட்டலும் சோறுமாக,
உன் அப்பா