மார்த்தாவின் மூன்றில் ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜார்ஜ் வாஷிங்டன் தம் உயிலில் அடிமைகளை விடுவித்ததைப் பாராட்டிய தங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பிழைக்கும் எனக்கு, அது பாதிக் கதையாகவே படுகிறது.

வர்ஜீனியாவின் பெரும் தோட்டக்காரர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-ல் உயில் எழுதாமலே இறந்தார். சட்டப்படி அவர் மனைவி மார்த்தாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதுவும் ஆயுள்காலம் வரை அனுபவிக்க மட்டுமே. அந்தப் பங்கில் மனிதர்களும் அடக்கம். 1759-ல் மார்த்தாவை மணந்த வாஷிங்டனுக்கு அதை நிர்வகிக்கும் உரிமை வந்தது. ஆனால் அந்த மனிதர்களை அவரால் விற்கவோ விடுவிக்கவோ முடியாது.

1799-ல் வாஷிங்டனின் தோட்டமான மவுண்ட் வெர்னனில் இருந்த அடிமைகளில் 123 பேர் வாஷிங்டனுடையவர்கள், 153 பேர் கஸ்டிஸ் பங்கு. இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் மணந்திருந்தார்கள். கணவனுக்கு விடுதலை கிடைத்தாலும் மனைவி கஸ்டிஸ் பங்கு என்றால் அவளும் பிள்ளைகளும் அடிமைகளே. இந்த வேதனையை வாஷிங்டன் உயிலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். 1802-ல் மார்த்தா இறந்ததும் அந்த மனிதர்களை அவருடைய நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தார்கள்.

கிணற்றில் முறைத்தண்ணீர் யாருக்கு என்பதற்கே அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் எழுந்து போவதை என் மேசைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன். அங்கே பங்கு வைக்கப்பட்டது தாயும் பிள்ளையும். இதை எப்படி விட்டுவிட முடியும்?

அந்த 153 பேரைப் பற்றியும் தயவுசெய்து எழுதுங்கள். பெயர், யாருக்கு யார் துணை என்ற விவரத்தோடு வாஷிங்டன் தயாரித்த பட்டியலே இருக்கிறது.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்