கரவனை நகர்த்தும் 'மூவர்' கருவி வாங்குமுன் வாசல் சரிவை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கரவனில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியில், விடுமுறை போகும் நம்மவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். வேல்ஸ் கடற்கரை பற்றியெல்லாம் அழகாக எழுதியிருந்தீர்கள். ஆனால் திரும்பி வந்து, காரிலிருந்து கழற்றிய கரவனை வீட்டு வாசலில் எப்படி ஏற்றுவது என்று ஒரு வரிகூட இல்லை. லண்டனில் எனக்குத் தெரிந்த பலர் இன்னும் மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆள் சேர்த்துத் தள்ளுகிறார்கள். ஒன்றேகால் டன் வண்டி பின்னால் உருளத் தொடங்கினால் எத்தனை பேர் நின்றாலும் பிடிக்க முடியாது. தயவுசெய்து 'மூவர்' (mover) என்ற நகர்த்தும் கருவியைப் பூட்டிக்கொள்ளுங்கள். டயரை அழுத்திச் சுற்றும் உருளைகளும் மோட்டாரும்தான் அது. ரிமோட்டை வைத்து அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம்.

"இத்தனை கிலோ இழுக்கும்" என்று விற்பவர் சொன்னால், எந்தச் சரிவில் என்று கேளுங்கள். சரிவு கூடக் கூட இழுக்கும் எடை குறையும். ஹரோவில் எங்கள் வாசல் வீதியை நோக்கிச் சரிந்தது. ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் பார்த்து நேராகப் பிடித்து, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். 14 செ.மீ. அதாவது 14 சதவீதச் சரிவு. அதைச் சொன்னதும் கடைக்காரர் முதலில் காட்டிய மலிவான மாடலைத் தாமாகவே உள்ளே எடுத்து வைத்தார். வாசலில் நடைபாதை விளிம்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டு செ.மீ. உயர விளிம்பே மூவரைத் திணறடிக்கும், முன்னால் ஆப்புக்கட்டை வைக்க வேண்டிவரும்.

கணக்கில் எடுக்க வேண்டியது வெறும் கரவனின் எடையை அல்ல, சாமான் ஏற்றிய முழு எடையை. மூவரே முப்பது கிலோ அளவுக்கு வரும். அதுவும் நீங்கள் ஏற்றக்கூடிய சாமான் எடையிலிருந்துதான் கழியும். பற்றரியிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஏற்றத்தில் மோட்டார்கள் 100 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும், பழைய பற்றரி பாதிவழியில் கைவிட்டுவிடும். அப்புறம், கரவனின் அடியிலுள்ள அல்கோ (AL-KO) நிறுவனத்தின் இரும்புச் சட்டத்தில் துளை போட்டுப் பூட்டுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே வேண்டாம். அந்தச் சட்டத்தில் துளையிடக் கூடாது.

நான் மிகவும் வலியுறுத்துவது கைபிரேக் விஷயத்தை. உருளைகள் இரண்டும் டயரில் நன்றாக அழுத்தி நிற்கின்றனவா என்று குனிந்து பார்த்த பிறகே கைபிரேக்கை விடுங்கள். முடிந்ததும் முதலில் கைபிரேக், அதன் பிறகே உருளையை விலக்குவது. இந்த வரிசை மாறினால் கரவனைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. ரிமோட் வைத்திருப்பவர் ஒருபோதும் சரிவின் கீழ்ப்பக்கம் நிற்கக் கூடாது. பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முன் இதைப் பற்றிப் படங்களோடு ஒரு பக்கம் போடுங்கள், ஆசிரியரே. கரவன் வைத்திருக்கும் வீடுகளில் அதை வெட்டி எடுத்து வைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்