சுங்கை சிப்புட் உறவுகளுக்கு நன்றி

நேற்றுச் சாயங்காலம், கொஞ்ச நாள் இங்கே தங்க விடும் ஸ்பெஷல் பாஸ் கைக்கு வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. டித்வா புயலில் இலங்கையின் பதுளையில் மலை சரிந்து எங்கள் லயம், அந்தத் தோட்ட வரிசை வீடு, போனதும், இங்கே மலேசியாவில் என் வேலை பெர்மிட் முடிந்த கதையும் நீங்கள் அறிந்ததுதான். அதைப் புதுப்பிக்காமல் விட்டவர்களைப் பற்றி எழுத மனமில்லை. பாட்டியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்குத் தனியாகத்தான் கிளம்பினேன். விடியற்காலை பஸ் நிறுத்தத்தில் பாட்டி நின்றிருந்தார், கையில் குடையும் சோற்றுச் சட்டியுமாக. "பசியாறிட்டியாம்மா?" என்றார். சந்தையில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். எழுபதைத் தாண்டியவர், ரப்பர் பால்மரம் சீவிக் காய்த்த கை. நாள் முழுக்க அந்த அலுவலக நாற்காலியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இவர் யார்?" என்று அதிகாரி கேட்டார். நான் வாய் திறக்குமுன் பாட்டியே, "மாச்சாம் அனாக் சாயா, துவான்" என்றார். என் பிள்ளை மாதிரி என்று. கேட்காமலே தன் ஐசியையும், அடையாள அட்டையையும்தான், எடுத்து வைத்தார். சிவப்பு ஐசி! குடிமக்களுக்கு நீலம். குடியுரிமை கிடைக்காதவர் எனக்காக அங்கே வந்து நின்றிருக்கிறார்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்ததாம். அது கிடைக்காமல் அவர் அண்ணன் பினாங்கில் இந்தியா போகும் ரஜூலா கப்பல் ஏறினாராம். "அன்னிக்கு எங்ககூட யாரும் வந்து உட்காரலடி." 1964 இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் என் தாத்தாவின் தம்பிகள் கோச்சி, அதாவது ரயில், ஏறி இந்தியா போனதை நானும் சொன்னேன். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை இருவரும் பேசவில்லை.

எங்கள் ஊர் கிராம சேவகர் என்ற அரசு அலுவலர் தந்த கடிதத்தை மலாயில் எழுதித் தந்த டீச்சர், கடனுக்கு அரிசி கொடுத்த கடைக்காரர், கோயில் கமிட்டியார், பணம் சேர்த்துத் தந்த நேப்பாளக் காவலாளித் தம்பிகள், எல்லாருக்கும் கைகூப்புகிறேன். மனு எழுதிய தொழிற்சங்க ஐயா ஒன்று சொன்னார்: 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே மக்களைத் திருப்பி அனுப்பாமல், ஐஎம்எம் 13 என்ற தற்காலிக அனுமதி அட்டை கொடுத்துத் தங்கி வேலை செய்ய விட்டது இதே மலேசியாதான். 1951 அகதிகள் உடன்படிக்கை மனிதர் துரத்தி வந்தவர்களுக்கானது. மலை சரிந்து வீடிழந்தவர்களுக்கு அதில் இடமில்லை. எனக்குக் கிடைத்தது ஓர் அதிகாரியின் இரக்கம். அது இல்லாத இடத்தில் மாட்டியவர்கள் கதி என்ன? அச்சேக்காரர்களுக்குச் செய்ததை எங்களுக்கும் செய்யலாமே. இனி யாராவது குடிநுழைவு அலுவலகத்துக்குத் தனியாகப் போவதாகத் தெரிந்தால் நானும் கூடப் போவேன்.

ஊரில் முகாமிலிருக்கும் அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். பாட்டி பேருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும், நட்சத்திரம் கேள் என்றார். இன்று காலை போய்க் கேட்டேன்.

"பொறந்த தேதியே தெரியாதும்மா. பொறப்புச் சூராட்டு இருந்திருந்தா ஐசி நீலமா இருந்திருக்குமே" என்றார் பாட்டி.