வித்யாவின் சிகிச்சை குறித்து

செம்பூர், மும்பை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் அந்த ஸ்டெம் செல் (மற்ற செல்களாக வளரக்கூடிய மூல செல்) சிகிச்சைத் துண்டறிக்கையும் கிடைத்தன. வித்யாவுக்கு வந்திருப்பது, உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான் என்று உறுதியானபின் நீங்கள் படும் தவிப்பு புரிகிறது. ஆனால் தொப்புள்கொடி ஸ்டெம் செல்களை முதுகுத்தண்டில் ஊசியாகச் செலுத்திக்கொண்டு மூன்றே நாளில் வீடு திரும்பலாம் என்று அதில் போட்டிருப்பதை நம்பி முன்பணம் கட்டிவிடாதே. இத்தகைய ஊசிகளை முறையான ஆய்வுக்கு வெளியே போடக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது.

ரத்தவியல் பிரிவில் காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்நோய்க்குத் தக்க சான்றுள்ள ஸ்டெம் செல் சிகிச்சை வேறு. அதில் நோயை அடக்குவது செல் அல்ல, கீமோதெரபி. நரம்பின் உறையான மயலினைத் தாக்கும் வெள்ளணுக்களைக் கடும் மருந்துகளால் ஒழித்துவிட்டு, முன்னரே நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்து உறையவைத்த ஸ்டெம் செல்களைத் திரும்ப ஏற்றுவார்கள்; இதுவே ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை. அவை ரத்த உற்பத்தியை மீட்பதற்கே அன்றி, பழுதான நரம்பைச் சீராக்க அல்ல. செல்கள் உறைந்திருக்கும் பையை வெதுவெதுப்பான நீரில் உருக்கி ஏற்றும்போது, உறையும்போது செல்கள் சிதையாமலிருக்க அதில் கலந்த டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருள் மூச்சில் வெளிவந்து அறை முழுவதும் பூண்டு வாடை அடிக்கும். அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வெள்ளணு மீண்டும் ஏறும் வரையுள்ள ஏறத்தாழ இரண்டு வாரம்தான் கண்டம். கருத்தரிக்கும் வாய்ப்பும் பறிபோகலாம் என்பதால் கருமுட்டைச் சேமிப்பைப் பற்றி முதலிலேயே கேட்க வேண்டும். உனக்குக் கூச்சமாக இருந்தால் லலிதாவைப் பேசச் சொல்.

பலன் இல்லாமல் இல்லை. சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் பர்ட் தலைமையில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நோய் விட்டுவிட்டுத் தாக்கும் 110 பேரை இரு சம பிரிவாகப் பிரித்தார்கள். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் 3 பேருக்கும், மருந்துப் பிரிவில் 34 பேருக்கும் நோய் முற்றியது, உயிரிழப்பு இல்லை. ஆயினும் அலெம்டுசுமாப், ஒக்ரெலிசுமாப் போன்ற வலுவான மருந்துகள் அந்த ஒப்பீட்டில் இடம்பெறவில்லை என்பதால் அந்த இடைவெளியை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். நோய் படிப்படியாக முற்றும் கட்டத்துக்குப் போய்விட்டவர்களுக்குப் பலன் மிகக் குறைவு.

வித்யா இன்னும் இன்டர்ஃபெரான் ஊசி மட்டுமே போட்டுக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நம் நாட்டில் பரவலாகத் தரப்படும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து அவளுக்குப் பொருந்துமா என்று முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கேள். அதையும் மீறித் தாக்குதல் வந்தால் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். கடைசி இரண்டு எம்ஆர்ஐ அறிக்கைகளையும் கூரியரில் அனுப்பு. எனக்குத் தெரிந்த ரத்தவியல் மருத்துவரிடம் காட்டிவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்