உன் கை காரணமில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். "ஜாம் இறுகவில்லை, கொட்டிவிட்டேன், என் கைக்கு எதுவும் கூடி வராது" என்று நீ அனுப்பிய ஒரு வரிக்குப் பிறகு ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. உனக்கு வேலை அதிகம் என்று தம்பி சொல்கிறான், இருக்கலாம். வேறு எதையும் நான் கேட்கப் போவதில்லை. ஜாமைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், அதைக் கொட்டியிருக்கக் கூடாது. அடுப்பில் ஏற்றாமல் செய்யும் ஜாம் இறுகாமல் போனால் அது கெட்டுவிட்டது என்று பொருளில்லை. பழமும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும்தானே அதில் இருக்கின்றன? தயிரில் கலந்து சாப்பிட்டிருக்கலாம். பாகாகவே ஃப்ரீசரில் வைத்திருக்கலாம். டப்பாவில் நிரப்பிய பிறகு 24 மணி நேரம் வெளியே அசையாமல் வைத்திருந்தாயா, அல்லது இரவே திறந்து பார்த்து மனம் உடைந்துவிட்டாயா? உன் அவசரம் எனக்குத் தெரியும்.

பழத்தை மிக்சியில் அடித்தாயா என்பதும் எனக்குச் சந்தேகம். கூழாகிவிட்டால் சரியாக இறுகாது. நன்கு பழுத்த, ஆனால் குழையாத ஸ்ட்ராபெர்ரியை அகலமான பாத்திரத்தில் ஓர் அடுக்காகப் பரப்பி, மத்தால் மசித்து, அதை எடுத்த பிறகுதான் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். அங்கங்கே சிறு துண்டுகள் தெரிய வேண்டும். ராஸ்பெர்ரியாக இருந்தால் பாதியை மட்டும் சல்லடையில் தேய்த்து விதையை நீக்கு. தம்பிக்கு விதை பிடிக்காது.

அளவுதான் முக்கியம். மசித்த பழம் 2 கப்புக்குச் சர்க்கரை 4 கப். கலந்து 10 நிமிடம் வைத்த பிறகு, ஜாமை இறுக வைக்கும் திரவப் பெக்டின் 85 மில்லியில் 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து அதில் ஊற்ற வேண்டும். தூள் பெக்டின் என்றால் கணக்கும் செய்முறையும் வேறு. உறையில் அச்சிட்டிருப்பதையே பின்பற்று. ஓர் எண்ணைக்கூடப் பிசகாமல் கணக்கெழுதுகிறவள் என்று உன்னைப் பற்றி எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ கப்பைத் தலைதட்டாமல் அள்ளலாமா? நிறைய வேண்டுமென்று ஒரே பாத்திரத்தில் இரட்டிப்பாகவும் கலக்காதே. தனித்தனியாக இரண்டு முறை செய்.

சர்க்கரையைக் குறைத்தாயா? கொதிக்க வைக்காததால் பழத்தின் நீர் ஆவியாகிப் போவதில்லை. அந்த நீரைச் சர்க்கரை தன்பால் இழுத்துக்கொண்டால்தான், எலுமிச்சையின் புளிப்பும் சேர்ந்து, பெக்டின் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சர்க்கரை குறைந்தால் பிடிப்பு வராது. சர்க்கரையைக் குறைக்க வேண்டுமென்றால் அதற்கென்றே விற்கும் பெக்டினை வாங்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எது என்று சொல்லிவிடுகிறேன். நீ எட்டாம் வகுப்பு படித்த கோடையில் பதினோரு டப்பா ஜாமும் தண்ணீராக நின்றதே, அன்று எல்லோர் முன்னாலும் நீ தப்பாக அளந்துவிட்டாய் என்றேன். "உன் கைக்கு எதுவும் கூடி வராது" என்று சொன்னதும் நான்தான். நீ சரியாகத்தான் அளந்தாய். நீ அளந்து வைத்துவிட்டு வெளியே போன பிறகு, தித்திப்பு அதிகமாகிவிடும் என்று ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு கப் சர்க்கரையைத் திரும்ப அள்ளி வைத்தவள் நான். மறுநாள் டப்பாவைச் சாய்த்துப் பார்த்தபோதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் நீ சமையலறைப் பக்கம் வரவில்லை, அதைப் பார்த்துக்கொண்டும் நான் பேசாமல் இருந்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாக்கியத்தை நீ எனக்கே எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உன் கையில் ஒரு குறையும் இல்லை, அம்மா. அது நான் சொன்ன பொய்.

வேளைக்குச் சாப்பிடு. மறுபடி செய்யும்போது சர்க்கரையைக் குறைக்காதே. டப்பாவில் மேலே அரை அங்குலம் இடம் விடு. உறையும்போது ஜாம் விரியும். கண்ணாடிப் பாட்டில் என்றால் கழுத்துக் குறுகாததாகப் பார்த்து எடு, குறுகியது விரிசல் விடும். ஃப்ரீசரில் ஓராண்டு வரை நன்றாக இருக்கும், வெளியே எடுத்தால் ஃப்ரிட்ஜிலேயே வைத்து மூன்று வாரத்துக்குள் முடித்துவிடு. பழத்தைப் பச்சையாகவே வைப்பதால்தான் அந்தச் சிவப்பும் மணமும் அப்படியே இருக்கின்றன. அதனாலேயே இதை அலமாரியில் வைக்க முடியாது. சாப்பிட மறக்காதே.

பெக்டினை ஊற்றிய பிறகு மூன்று நிமிடம் விடாமல் கிளற வேண்டும். ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்தால் சர்க்கரை நெறுநெறுக்கக் கூடாது. அந்த மூன்று நிமிடம் தொலைபேசியை மேடைமேல் வைத்து என்னிடம் பேசு. நீ ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டால் எனக்குப் போதும்.

அன்புடன்,
அம்மா